அமெரிக்க வரலாற்றை அமெரிக்கப் பிள்ளைகளுக்கே பாடம் எடுப்பது எப்படி?

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தமிழ்நாட்டில் வரலாறு எம்.ஏ., பி.எட். முடித்து அங்கே சில காலம் பாடம் எடுத்தவர். வர்ஜீனியாவுக்கு வந்து ஆசிரியர் உரிமம் வாங்கி, வருகிற ஆகஸ்ட்டில் ஓர் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வர்ஜீனியா மற்றும் அமெரிக்க வரலாறு எடுக்கப்போகிறார். நானூறு வருட வரலாற்றை ஒரே வருடத்தில் எப்படி முடிப்பது, ஆர்வமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பது, அடிமை முறை பற்றிப் பேசினால் பெற்றோர் புகார் கொடுப்பார்களா என்று மூன்று கேள்வி. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "நான் வெளியிலிருந்து வந்தவள், எங்கள் ஊர் சரித்திரம் உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு பையன் கேட்டுவிட்டால்?" அந்தக் கடைசி வரிதான் உங்களை ராத்திரி தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். மற்ற மூன்றுக்கும் பதில் சொன்னாலே அதற்குப் பாதி பதில் வந்துவிடும், மீதியைத் தனியாகச் சொல்கிறேன்.

நானும் இதே வழியில் வந்தவன். வட வர்ஜீனியாவில் பல வருடங்களாக இதே பாடத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், சாதாரண வகுப்பு, ஏ.பி. எனப்படும் கல்லூரித் தர வகுப்பு இரண்டும். பல நாட்டுப் பிள்ளைகள் கலந்து உட்கார்ந்திருக்கும் புறநகர்ப் பள்ளி என்னுடையது. மாநிலத்தின் தென்மேற்கு மலைப்பக்கத்திலோ ரிச்மண்டு நகருக்குள்ளோ வேலை பார்த்தவர்களுக்கு வேறு அனுபவம் இருக்கும், அவர்கள் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் பற்றி நான் சொல்வதும் ஓர் ஆசிரியர் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், வக்கீல் ஆலோசனையாக இல்லை.

முதலில் நேரக் கணக்கு. வர்ஜீனியாவில் பள்ளி வருடம் 180 நாள். உங்கள் பள்ளியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ப்ளாக் முறை இருந்தால் ஒரு வகுப்பை 90 தடவைதான் பார்ப்பீர்கள். தேர்வு, பனி விடுமுறை, அசெம்பிளி எல்லாம் போக இன்னும் குறையும். 1607-ல் ஜேம்ஸ்டவுனில் கப்பல் வந்து இறங்கியதிலிருந்து இன்றுவரை, அதற்கு முன் இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளையும் சேர்த்து, எல்லாவற்றையும் சம அளவில் சொல்லி முடித்த ஓர் ஆசிரியரை நான் இதுவரை பார்த்ததில்லை. முடிக்க முயல்கிறவர்கள் ஏப்ரலில் இரண்டாம் உலகப்போரில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம் வியட்நாம், வாட்டர்கேட், பனிப்போரின் முடிவு எல்லாம் ஒரே வாரத்தில் ஸ்லைடுகளாக ஓடுகின்றன. ஆகவே எதை விடுவது என்று ஆகஸ்ட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். ஜாக்சனுக்கும் லிங்கனுக்கும் நடுவில் வந்த ஜனாதிபதிகளின் பெயர்ப்பட்டியல், உள்நாட்டுப் போரின் சண்டைகள் ஒவ்வொன்றும், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியின் சுங்கவரிச் சண்டைகள், இவற்றை ஒரு பக்க நோட்ஸாகக் கொடுத்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். மாநிலப் பாடத்திட்டத்தில் பெயர் சொல்லிக் கேட்டிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள், எஸ்.ஓ.எல். என்ற மாநிலத் தேர்வு அதிலிருந்துதான் வரும்.

நேரம் மிச்சப்படுத்தக் கூடாத இடங்கள் சில உண்டு. அதில் முதலாவது, பலரும் தாண்டிப்போகிற இடம், உள்நாட்டுப் போர் முடிந்த 1865-லிருந்து 1877 வரையிலான மறுசீரமைப்புக் காலம். போர் முடிந்ததும் ஜூனில் வருடம் முடிந்த மாதிரி ஓர் அலுப்பு வகுப்புக்கே வந்துவிடும், ஆசிரியருக்கும்தான், அதனால் நேராக ரயில்பாதைக்கும் ராக்ஃபெல்லருக்கும் தாவிவிடுவார்கள். ஆனால் 1868-ல் வந்த அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் இல்லாமல் இருபதாம் நூற்றாண்டில் எதையுமே விளக்க முடியாது. 1954-ல் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்தத் திருத்தத்தை வைத்துத்தான். இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்பதும் அதில்தான் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க்கின் வழக்கில் 1898-ல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தக் குடியுரிமையைக் கட்டுப்படுத்த 2025 ஜனவரியில் வந்த ஜனாதிபதி உத்தரவுக்குப் பிறகு அதே வாக்கியம் திரும்பவும் கோர்ட்டுக்குப் போனது. உங்கள் வகுப்பில் ஹெச்-1பி விசாவில் வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் கண்டிப்பாக இருப்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதிப்போட்டு, "இது இல்லாவிட்டால் இந்த அறையில் யார் யார் இந்நாட்டுக் குடிமக்களாக இருந்திருக்க மாட்டார்கள் என்று அவரவர் மனசுக்குள் யோசியுங்கள், வெளியே சொல்ல வேண்டாம்" என்பேன். அந்த நாளில் அலுப்பு என்ற பேச்சே வராது.

அடுத்தது ஆவணங்கள். பாடப்புத்தகத்தை மூடச் சொல்லவில்லை, அது வேண்டும், காலவரிசைக்கும் வரைபடத்துக்கும். ஆனால் புத்தகம் சொல்கிற முடிவை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, அதனால் யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்லும் வேறொரு முடிவு அதே எடையில் வந்து உட்கார்ந்துவிடும். 2022-ல் எட்டாம் வகுப்புக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில் அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சி நிலையைத் தொட்டவர்கள் 13 சதவீதம் பேர்தான். இதற்கு ஒரே காரணம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ஆனால் தொடக்கப்பள்ளியில் ஒருமுறை, நடுநிலையில் ஒருமுறை என்று ஏற்கெனவே கேட்ட கதையை, அதே பிள்ளைகளுக்கு மூன்றாவது முறையும் கதையாகவே சொன்னால் ஏறாது என்பது என் அனுபவம். அவர்கள் கையில் மூலத்தையே கொடுத்துவிட வேண்டும்.

ஒரு பாடத்தை அப்படியே விவரிக்கிறேன், ஏனென்றால் வர்ஜீனியாவில் உங்களுக்கு முதல் சோதனை இதில்தான் வரும். உள்நாட்டுப் போர் எதனால் வந்தது? வகுப்பில் ஒரு பையனாவது கையைத் தூக்கி "மாநில உரிமைக்காக, அடிமை முறைக்காக இல்லை, எங்கள் தாத்தா சொல்லியிருக்கிறார்" என்பான். அவனை மடக்காதீர்கள். தாத்தாவையும் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். "சரி, நாட்டிலிருந்து பிரிந்து போன தென் மாநிலங்கள் பிரிந்த சமயத்தில் என்ன எழுதின என்று பார்த்துவிடலாம்" என்று தாள்களைக் கொடுங்கள். மிசிசிப்பி 1861 ஜனவரியில் வெளியிட்ட பிரகடனத்தின் இரண்டாவது வாக்கியமே, எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது, உலகிலேயே மிகப்பெரிய பொருளாதார நலன் அதுதான் என்கிறது. தென் கரோலினாவின் பிரகடனம் இன்னும் பயனுள்ளது. தப்பி ஓடி வந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வட மாநிலங்கள் மறுக்கின்றன, அதற்குத் தடையாகச் சட்டம் போடுகின்றன, நியூயார்க் வழியாக அடிமையை அழைத்துக்கொண்டு போகக்கூட விடமாட்டேன் என்கிறார்கள் என்று வரிசையாகக் குற்றம் சாட்டுகிறது. இதைப் படித்ததும் பிள்ளைகளிடம் கேளுங்கள்: இங்கே தன் மாநில உரிமையைப் பயன்படுத்துவது யார், அதை எதிர்த்துப் புகார் சொல்வது யார்? ஓரிரு நிமிடம் அமைதியாக இருக்கும். அப்புறம் யாராவது ஒரு பெண் மெதுவாக, "நியூயார்க்தானே உரிமையைப் பயன்படுத்துகிறது" என்பாள். அதை நீங்கள் சொல்லியிருந்தால் அது உங்கள் கருத்து. அவளே கண்டுபிடித்ததால் அது அவளுடைய அறிவு.

அப்புறம் அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸ். தெற்குக் கூட்டமைப்பின் துணை ஜனாதிபதி, 1861 மார்ச் 21 அன்று சவான்னாவில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமமில்லை என்பதுதான் எங்கள் புதிய அரசின் அடிக்கல் என்று வெளிப்படையாகச் சொன்னார். தோற்ற பிறகு, அதே மனிதர், 1868-லிருந்து இரண்டு பெரிய தொகுதிகள் எழுதி, போர் அரசியலமைப்புக் கொள்கைக்காக, மாநிலங்களின் இறையாண்மைக்காக நடந்தது என்று வாதாடினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதியை மட்டும் வட்டம் போடச் சொல்லுங்கள். ஜெயிப்போம் என்று நினைத்தபோது சொன்னது ஒன்று, தோற்று அடிமை முறையும் ஒழிந்த பிறகு சொன்னது இன்னொன்று. தாத்தா கேட்டு வளர்ந்தது இந்த இரண்டாவது குரல், அது வெறும் பொய்யாகப் பரவவில்லை, பாடப்புத்தகமாக, நினைவு தினமாக, 1890-ல் ரிச்மண்டில் எழுப்பி 2021-ல் இறக்கிய ராபர்ட் லீ சிலையாகப் பரவியது. இதைப் புரிந்துகொண்டால் அந்தப் பையனுக்குத் தாத்தா மேல் கோபம் வராது, தாத்தாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்கத் தோன்றும்.

அதே பாடத்தில் மறுபக்கத்தையும் மறைக்காமல் வையுங்கள். லிங்கன் 1861 மார்ச் பதவியேற்பு உரையில், ஏற்கெனவே அடிமை முறை இருக்கும் மாநிலங்களில் அதில் தலையிடமாட்டேன் என்கிறார். 1862 ஆகஸ்ட்டில் பத்திரிகையாளர் ஹொரஸ் க்ரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்கிறார். வர்ஜீனியாவோ 1861 ஏப்ரல் தொடக்கத்தில் பிரிவினையை வேண்டாம் என்று வாக்களித்தது. சம்ட்டர் கோட்டையில் சண்டை தொடங்கி, லிங்கன் 75,000 வீரர்கள் கேட்ட பிறகுதான் ஏப்ரல் 17 அன்று மாறி வாக்களித்தது. அந்தத் தீர்மானத்திலும் தெற்கின் அடிமை மாநிலங்கள் ஒடுக்கப்படுகின்றன என்ற சொற்கள் இருக்கின்றன. இதையெல்லாம் பார்த்த பிள்ளைகள், தெற்கு அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்தது என்பதும், வடக்கு ஆரம்பத்தில் அதை ஒழிக்கச் சண்டைக்குப் போகவில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று தாங்களாகவே எழுதுவார்கள்.

இங்கேதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது வருகிறது. வரலாற்றில் சில கேள்விகள் ஆதாரத்தால் தீர்ந்துவிட்டவை, சில இன்னும் தீராதவை. எது எந்த வகை என்று பிள்ளைகளுக்கு நேராகச் சொல்வது ஆசிரியரின் வேலை, அதைக் கலந்துவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். மாநிலங்கள் ஏன் பிரிந்தன என்பது தீர்ந்தது. அதில் "இரு தரப்பு விவாதம்" நடத்துவது நடுநிலை கிடையாது, அது பிள்ளைகளைக் குழப்புவது. ஆனால் சொந்தமாக ஓர் அடிமைகூட இல்லாத ஷெனன்டோவா பள்ளத்தாக்கு விவசாயி ஒருவன் ஏன் துப்பாக்கி தூக்கினான்? இதற்கு ஒரே பதில் இல்லை. ஊர், உறவு, கட்டாய ராணுவச் சேவை, தன் நிறத்துக்குக் கீழே ஒரு கூட்டம் இருக்க வேண்டும் என்ற எண்ணம், எல்லாமே கடிதங்களில் கிடைக்கின்றன. போரில் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதுகூட முடிந்த விஷயம் இல்லை. வெகுகாலம் 6,20,000 என்று புத்தகங்களில் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 2011-ல் வந்த ஆய்வு அதை 7,50,000 அளவுக்கு உயர்த்தியது. ஹிரோஷிமாவில் குண்டு போட்டது தேவையா, ஜப்பான் சரணடைந்ததற்குக் குண்டு காரணமா, சோவியத் போரில் இறங்கியது காரணமா, இதில் நேர்மையான அறிஞர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. இங்கே விவாதம் வையுங்கள், நன்றாகச் சூடாக நடக்கட்டும், உங்கள் கருத்தைக் கேட்டாலும் கடைசிவரை சொல்லாதீர்கள். 1942-ல் ரூஸ்வெல்ட்டின் உத்தரவு 9066-ன் கீழ் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது நியாயமா என்பதை மட்டும் விவாதமாக வைக்காதீர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள், 1988-ல் நாட்டின் நாடாளுமன்றமே சட்டம் போட்டு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

ஆவணத்தை எப்படிப் படிப்பது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கும். சாம் வைன்பர்க் என்ற கல்வி உளவியலாளர் 1991-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் வரலாற்று ஆய்வாளர்களிடமும் நன்றாகப் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் ஒரே தாள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆய்வாளர்கள் முதலில் கண்ணை ஓட்டியது அடியில், யார் எழுதியது, எப்போது என்ற வரியில். பிள்ளைகள் மேலிருந்து நேராகப் படித்துக்கொண்டே போனார்கள். இந்தப் பழக்கம் மாற ஒரு வருடம் முழுக்க ஆகும். அதற்கு நான் வருடந்தோறும் பயன்படுத்துவது 1937-ல் சார்ல்ஸ்டனில் எடுத்த இரண்டு பேட்டிகள். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசு, வேலையில்லாத எழுத்தாளர்களை அனுப்பி, அடிமையாகப் பிறந்து அப்போது உயிரோடிருந்த முதியவர்கள் 2,300 பேருக்கு மேல் பேசியதைப் பதிவு செய்தது. அவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) தளத்தில் இலவசமாக இருக்கின்றன. அதில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியின் பேட்டி ஒன்று. எஜமானர் நல்லவர், குறையொன்றுமில்லை என்கிற தொனியில் போகும். இன்னொன்று சூசன் ஹாமில்டன் என்ற பெயரில். அதில் கட்டிவைத்து அடித்தது, பிள்ளையைப் பிரித்தபோது தாய்மார் கதறியது, கல்யாணமான மறுநாள் காலையிலேயே மனைவியை விற்றது என்று வரும். இரண்டும் ஒரே பெண்மணி. பெயரைச் சொல்லாமல் இரண்டையும் கொடுத்துவிட்டு, இவர்கள் இருவரின் வாழ்க்கையும் ஏன் இப்படி வேறுபட்டது என்று எழுதச் சொல்வேன். பக்கம் பக்கமாக எழுதுவார்கள், ஊர் வேறு, எஜமானர் வேறு என்று. அப்புறம் ஒரே ஆள்தான் என்று சொல்வேன். பேட்டி எடுத்தவர்கள் யார் என்று தேடச் சொல்வேன். முதல் பேட்டி எடுத்தவர் வெள்ளைக்காரப் பெண், மூதாட்டி அவரை நிவாரண அலுவலகத்திலிருந்து வந்தவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டாமவர் கறுப்பின இளைஞர். உதவித்தொகை கொடுக்கிற ஆபீஸிலிருந்து வந்தவரிடம் உங்கள் பாட்டி எப்படிப் பேசுவார், சொந்தக்காரப் பையனிடம் எப்படிப் பேசுவார் என்று கேட்டால் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். அதற்குப் பிறகு யார் எழுதியது என்று கேட்காமல் ஒரு தாளைத் தொடமாட்டார்கள்.

அடிமை முறைப் பாடத்தில் செய்யவே கூடாதவை சில. பிள்ளைகளை அடிமையாக, எஜமானனாக நடிக்க வைக்காதீர்கள். ஏலம் மாதிரி, கப்பல் மாதிரி எந்த நாடகமும் வேண்டாம், எவ்வளவு நல்ல எண்ணத்தில் செய்தாலும் ஒரு பிள்ளை அவமானப்பட்டு வீட்டுக்குப் போகும். வகுப்பிலுள்ள ஒன்றிரண்டு கறுப்பினப் பிள்ளைகள் பக்கம் திரும்பி "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்காதீர்கள், அவர்கள் ஓர் இனத்தின் பிரதிநிதியாக வரவில்லை, பதினொன்றாம் வகுப்பு படிக்க வந்திருக்கிறார்கள். பழைய ஆவணங்களில் வரும் வசைச்சொல்லை வாய்விட்டுப் படிக்க வேண்டாம், படிக்கவும் விட வேண்டாம். இன்னொன்று, துன்பத்தை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். நம் மாநிலத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. 1619 ஆகஸ்ட் கடைசியில் "இருபதுக்குச் சற்று மேல்" ஆப்பிரிக்கர்களைக் கொண்டு வந்து இறக்கிய பாயின்ட் கம்ஃபர்ட், இன்றைய ஹாம்ப்டன். 1861 மே 23 அன்று இரவு, ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகு வலித்துக்கொண்டு அதே இடத்திலிருந்த மன்றோ கோட்டைக்கு, வடக்கு ராணுவத்திடம் வந்து சேர்ந்தார்கள். திருப்பிக் கொடு என்று ஆள் வந்தபோது, வர்ஜீனியாதான் வேற்று நாடு என்று சொல்லிவிட்டதே, அப்புறம் எங்கள் சட்டத்தைக் காட்டி எப்படிக் கேட்பாய் என்று தளபதி பட்லர் மறுத்துவிட்டார். செய்தி பரவி நூற்றுக்கணக்கானோர், பிறகு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வருவதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பே, அந்த மூவர் தங்கள் காலால் அரசின் கொள்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இந்தப் பாடம் பிள்ளைகளுக்கு வெகுநாள் நினைவிருக்கிறது.

அலுப்புக்கு என்னிடம் இருக்கும் சிறந்த மருந்து, அவர்கள் வயதுப் பிள்ளைகளின் வரலாறு. நம் மாநிலத்து ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்குக் கட்டியது, 1950 வாக்கில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார் பூசிய அட்டையால் கொட்டகை போட்டுக் கொடுத்தது நிர்வாகம், மழைக்கு ஒழுகும். 1951 ஏப்ரல் 23 அன்று, பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண், தலைமையாசிரியரை ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பால் வெளியே போக வைத்துவிட்டு, எல்லாரையும் கூடத்தில் கூட்டி, வேலைநிறுத்தத்துக்கு அழைத்தாள். வக்கீல்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், நல்ல கட்டடம் கேட்டு வழக்குப் போடமாட்டோம், பிரிவினையையே எதிர்ப்பதானால் போடுகிறோம் என்றார்கள். பிள்ளைகளும் பெற்றோரும் சம்மதித்தார்கள். நிறப்பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் தீர்ப்பில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் ஒன்று அந்த வழக்குதான். தீர்ப்பு வந்ததோடு கதையை முடித்துவிடாதீர்கள். சேர்ந்து படிக்க வைப்பதைவிடப் பள்ளிகளையே மூடிவிடலாம் என்று ஃபார்ம்வில் இருக்கும் கவுன்ட்டி (மாவட்டம்) 1959-லிருந்து 1964 வரை அரசுப் பள்ளிகளைப் பூட்டி வைத்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறக்கப்பட்டது, கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஐந்து வருடம் பள்ளியே இல்லாமல் இருந்தார்கள். ஐந்து வருடம் என்றால் உங்கள் வாழ்க்கையில் எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புவரை என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம், முடிந்தால் பேருந்தில் அழைத்துப் போங்கள்.

பெற்றோர் விஷயம். 2022 ஜனவரியில் அப்போதைய ஆளுநர் பதவியேற்ற அன்றே, "பிளவை உண்டாக்கும் கருத்துகளை" வகுப்பில் சொல்லக் கூடாது என்று ஓர் உத்தரவு போட்டார், பல ஆசிரியர்கள் பயந்துபோய் அடிமை முறையையே தொடலாமா என்று கேட்டார்கள். தாராளமாகத் தொடலாம், அது மாநிலப் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இப்போது எந்த விதி அமலில் இருக்கிறது என்பதை உங்கள் கவுன்ட்டி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆளுநர் மாறினால் இவையும் மாறும். நடைமுறையில் என்னைக் காப்பாற்றியவை சின்ன விஷயங்கள். கொடுக்கிற ஒவ்வொரு தாளின் மேலும் அது எந்தப் பாடத்திட்ட எண்ணின் கீழ் வருகிறது என்று அச்சிடுவேன். அந்த வார ஆவணங்களை ஞாயிற்றுக்கிழமையே பெற்றோர் பார்க்கும்படி வகுப்புப் பக்கத்தில் போட்டுவிடுவேன். கோபமாக மின்னஞ்சல் வந்தால் பதிலை எழுதி உடனே அனுப்பாமல் துறைத் தலைவரிடம் காட்டிவிட்டு, "நேரில் வாருங்கள், பிள்ளை படித்த தாளை நாமும் சேர்ந்து படிக்கலாம்" என்று அழைப்பேன். வந்தவர்களில் பெரும்பாலானோர் தாளைப் பார்த்ததும் அடங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் அதில் என் கருத்து ஒன்றும் இல்லை, மிசிசிப்பி மாநாட்டின் கருத்து இருக்கிறது. பெற்றோர் எப்போதும் தொல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். 2010-ல் இதே மாநிலத்தில் நான்காம் வகுப்புப் புத்தகம் ஒன்றில், ஆயிரக்கணக்கான கறுப்பின வீரர்கள் தெற்குப் படைக்காகச் சண்டையிட்டார்கள் என்று ஆதாரமில்லாத ஒரு வரி இருந்ததைக் கண்டுபிடித்தவர், அந்த வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா. அவர் ஒரு வரலாற்றுப் பேராசிரியர். எழுதியவருக்கு அது இணையத்தில் கிடைத்தது.

செயற்கை நுண்ணறிவு எழுதிய கட்டுரைகள் வரும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கட்டுரைக்கு மதிப்பெண் கொடுப்பதைக் குறைத்துவிட்டேன். வகுப்பிலேயே, கையால், இரண்டு ஆவணங்களை வைத்து ஒரு பக்கம். ஏ.பி. தேர்வில் ஏழு ஆவணங்களை வைத்து ஒரு மணி நேரத்தில் எழுத வேண்டிய கேள்வி இருக்கிறதே, அதற்கும் இதுவே பயிற்சி.

இனி உங்கள் கடைசி வரி. "எங்கள் ஊர் சரித்திரம் உங்களுக்கு என்ன தெரியும்" என்று யாராவது கேட்கலாம், வருடத்தில் ஒருமுறையாவது கேட்பார்கள். பொதுவாக அதில் பகை இருக்காது, சோதித்துப் பார்ப்பது அவ்வளவுதான். உங்கள் உச்சரிப்புக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பாடத்தில் ஓர் உண்மையான பலம் உண்டு, சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய கதை நமக்கு இல்லாததால், அவர்கள் கேட்க மறந்த கேள்வி நமக்குத் தோன்றும். இன்னொரு பலம், நாம் இந்தச் சரித்திரத்துக்கு முழுக்க வெளியாட்களும் இல்லை. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. தள்ளாடிக்கொண்டிருந்த கம்பெனியைக் காப்பாற்றத்தான் லண்டன் அந்தத் தேயிலைச் சட்டத்தையே போட்டது. நம் மாநிலத்திலேயே இருக்கும் யார்க்டவுனில், 1781-ல் வாஷிங்டனிடம் தோற்ற கார்ன்வாலிஸ், ஐந்தே வருடத்தில் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792-ல் திப்பு சுல்தானைப் பணியவைத்து, திண்டுக்கல்லையும் சேலம் பக்கத்து பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார். அமெரிக்கப் பாடப்புத்தகத்தில் யார்க்டவுனோடு அவர் காணாமல் போய்விடுவார். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார் என்று நீங்கள் வகுப்பில் கேட்டால் யாருக்கும் தெரியாது, சொல்லும் தகுதி உங்களுக்கு இருக்கிறது.

அப்புறம் பகத் சிங் திண்ட் வழக்கைத் தவறவிடாதீர்கள். 1922 நவம்பரில் ஜப்பானியரான ஓசாவாவுக்கு, வெள்ளையர் என்றால் காக்கேசியர், நீ அது இல்லை என்று குடியுரிமை மறுத்த உச்ச நீதிமன்றம், மூன்று மாதம் கழித்து 1923 பிப்ரவரியில், நான் காக்கேசியர்தானே என்று வந்த பஞ்சாபிக்கு, சாதாரண மக்கள் வெள்ளையர் என்று யாரைச் சொல்கிறார்களோ அவர்தான் வெள்ளையர் என்று சொல்லி மறுத்தது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சதர்லண்ட். திண்ட் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். இரண்டு தீர்ப்பிலிருந்தும் ஒவ்வொரு பத்தியை எடுத்துக் கொடுங்கள், இனம் என்பதற்கு அன்றைய சட்டத்தில் நிலையான அர்த்தமே இல்லை என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். ஆனால் எல்லாப் பாடத்திலும் இந்தியாவை இழுத்துக்கொண்டு வராதீர்கள், ஆவணம் அழைக்கிற இடத்தில் மட்டும் போதும். உங்கள் வகுப்பில் எல் சால்வடோரிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வந்த பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகஸ்ட்டுக்கு முன் செய்ய வேண்டியது: பாடத்திட்டத்தை அச்செடுத்து, நீங்கள் நிறுத்தி நிதானமாக எடுக்கப்போகும் ஏழெட்டு இடங்களை மட்டும் குறியுங்கள். நாடாளுமன்ற நூலகம், தேசிய ஆவணக் காப்பகம், ஸ்மித்சோனியன் தளங்களிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு மூன்று ஆவணம், ஒவ்வொன்றும் அரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் வெட்டி வையுங்கள். இங்கே ஆசிரியர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் நம்பியிருக்கிறார்கள் என்பதை அமெரிக்க வரலாற்றுச் சங்கம் ஒன்பது மாநிலங்களில் செய்து 2024-ல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது, அதனால் உங்கள் துறையிலேயே யாரிடமாவது பெரிய கோப்பு ஒன்று இருக்கும், கூச்சப்படாமல் கேளுங்கள். எந்தக் கவுன்ட்டி, ப்ளாக் முறையா தினசரி வகுப்பா, ஏ.பி. உண்டா என்பதைச் சொன்னீர்கள் என்றால், முதல் மூன்று வாரத்துக்கு நான் எப்படிப் பிரிப்பேன் என்று அடுத்து எழுதுகிறேன்.